அழிய மறுக்கும் கோப்பு

வட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு இருப்புகள் உண்டு. எழுத்தோ படமோ பாட்டோ, அதன் உள்ளடக்கம் வட்டின் எங்கெங்கோ சிறு சிறு கட்டங்களில் கிடக்கிறது. அந்தக் கட்டங்கள் எவை, கோப்பின் பெயர் என்ன, அளவு எவ்வளவு என்ற விவரங்கள் தனியே ஒரு பட்டியலில் பதிவாகியிருக்கின்றன. கோப்பை அழிக்கும்போது கணினி கை வைப்பது இந்தப் பட்டியலில்தான். எம்எஸ்-டாஸ் காலத்தில் இந்த வேலை மிக எளிமையாக நடந்தது. பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஒரு சிறப்புக் குறி எழுதப்படும். கோப்பு பிடித்திருந்த கட்டங்கள் காலி என்று குறிக்கப்படும். 1991இல் வந்த டாஸ் 5 பதிப்பில், அழித்த கோப்பை மீட்கும் கட்டளை பெயரின் முதல் எழுத்து என்னவென்று பயனரிடம் கேட்டதற்குக் காரணம் இதுதான். பெயரில் அந்த ஓர் எழுத்து மட்டுமே தொலைந்திருந்தது.

பட்டியலில் ஒரு வரியை அடிப்பதுதான் வேலை என்பதால் கோப்பின் அளவுக்கும் அதை அழிப்பதன் சிரமத்துக்கும் தொடர்பில்லை. பல ஜிகாபைட் திரைப்படம் கண் இமைப்பதற்குள் போய்விடும். நான்கு கிலோபைட் கோப்பு ஒன்று நாள் முழுக்கப் போகாமல் நிற்கும். அப்படி நிற்கும்போது இயங்குதளம் ஏதோ ஒரு காரணத்துக்காக அந்த வரியை அடிக்க மறுக்கிறது. யாரோ கோப்பைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். கேட்பவருக்கு அழிக்கும் உரிமை இல்லாதிருக்கலாம். பெயரையே இயங்குதளத்தால் சரியாகப் படிக்க முடியாதிருக்கலாம். பட்டியலே சேதமாகியிருக்கலாம். ஒன்றுக்கான வைத்தியம் மற்றதற்கு உதவாது. உரிமைச் சிக்கலுக்குக் கணினியை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் பயனில்லை. வேறொரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்புக்கு நிர்வாகி உரிமையைக் கொடுத்தாலும் அசையாது. ஆகவே முதலில் படிக்க வேண்டியது பிழைச்செய்தியை. விண்டோஸில் 32ஆம் எண் பிழை என்றால் கோப்பை வேறு நிரல் பிடித்திருக்கிறது என்று பொருள். 5ஆம் எண் பிழை அனுமதி மறுப்பு. பலரும் மூடிவிட்டு அடுத்த வழி தேடும் அந்தச் சிறு பெட்டியில் பாதி விடை இருக்கிறது.

முதல் காரணம்தான் அன்றாடம் மிக அதிகம் எதிர்ப்படுவது. ஒரு நிரல் கோப்பைப் படிக்கவோ எழுதவோ விரும்பினால் இயங்குதளத்திடம் கேட்க வேண்டும். இயங்குதளம் அதைத் திறந்து, ஓர் எண்ணை நிரலிடம் தருகிறது. இந்த எண்ணுக்கு ஹேண்டில் என்று பெயர். அதன் பிறகு நிரல் கோப்பின் பெயரைச் சொல்வதில்லை. எண்ணைக் காட்டியே எல்லா வேலையையும் செய்கிறது. வேலை முடிந்ததும் எண்ணைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்த நிரலிடம் எந்த ஹேண்டில் இருக்கிறது என்ற கணக்கு எப்போதும் இயங்குதளத்திடம் உண்டு. நிலத்தை விற்குமுன் வில்லங்கம் பார்ப்பதுபோல, கோப்பை அழிக்கச் சொன்னதும் விண்டோஸ் இந்தக் கணக்கைப் பார்க்கிறது. யாருடைய பிடியாவது இருந்தால் விவகாரம் அங்கேயே நின்றுவிடும்.

ஆனால் எல்லாப் பிடியும் அழிப்பைத் தடுப்பதில்லை. விண்டோஸில் கோப்பைத் திறக்கும் நிரல், அதே நேரத்தில் மற்றவர்கள் என்னென்ன செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும். படிக்க விடுவதா, எழுத விடுவதா, அழிக்க விடுவதா என்று மூன்று தனித்தனி இசைவுகள் உண்டு. கோப்புப் பகிர்வு, பூட்டு என்ற எண்ணங்கள் மைக்ரோசாப்ட் உலகில் 1984இல் வந்த டாஸ் 3.0 பதிப்பிலேயே தொடங்கிவிட்டன. அலுவலகக் கணினிகள் வலையமைப்பில் இணையத் தொடங்கிய காலம் அது; இருவர் ஒரே கணக்குக் கோப்பில் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகும் என்ற கேள்வி உண்மையானதாக இருந்தது. இன்றைய விண்டோஸில் மூன்றாவது இசைவுதான் சிக்கலின் வேர். பல நிரல்மொழிகளின் பொதுவான ‘திற’ கட்டளை, படிக்கவும் எழுதவும் மற்றவர்களை விடுமே தவிர அழிக்க விடுவதில்லை. நிரலாளர் தனியே நினைத்துக் கேட்டால்தான் அந்த இசைவு கிடைக்கும், பலர் நினைப்பதில்லை. கோப்பு அழியாமல் விண்டோஸ் பயனர்கள் கண்ட எரிச்சலுக்கு இந்த ஒரு மறதி முக்கியக் காரணம்.

யுனிக்ஸ் குடும்பம் இதே கேள்விக்கு முற்றிலும் வேறு விடை கண்டது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969 தொடங்கி உருவாக்கிய அந்த இயங்குதளத்தில், கோப்பின் உண்மையான ஆவணம் ஐநோடு எனப்படும் பெயரில்லாத ஒரு பதிவு. பெயர் என்பது கோப்புறையில் இருந்து அந்த ஐநோடைச் சுட்டும் ஓர் இணைப்பு மட்டுமே. ஒரே கோப்புக்கு இரண்டு மூன்று பெயர்கள்கூட இருக்கலாம். ‘அழி’ என்பதற்கு யுனிக்ஸில் உள்ள அடிப்படை அழைப்பின் பெயரே ‘அன்லிங்க்’, அதாவது இணைப்பை அவிழ். பெயர் உடனே போய்விடும். எந்தப் பெயரும் மிஞ்சாமல், திறந்து வைத்திருக்கும் எந்த நிரலும் மிஞ்சாமல் போகும்போதுதான் உள்ளடக்கம் பிடித்திருந்த இடம் விடுபடும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பையே லினக்ஸில் அழித்துவிட்டு, புதிய பதிப்பை அதே பெயரில் வைக்க முடிவது இதனால்தான். பழைய நிரல் தன் பழைய ஐநோடைப் பிடித்தபடி கடைசிவரை ஒழுங்காக ஓடும்.

இந்த ஏற்பாடு நேர்த்தியானது. ஆனால் இதற்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. சர்வர்களைப் பராமரிப்பவர்கள் அதை நன்கு அறிவார்கள். வட்டு நிறைந்துவிட்டது; பெரிய பதிவேட்டுக் கோப்பு ஒன்றை அழிக்கிறார்கள்; கோப்பு மறைகிறது; வட்டு நிறைந்தபடியே இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த நிரல் இன்னும் அதைத் திறந்து வைத்திருப்பதால், பெயரில்லாத கோப்பு இடத்தை விடாமல் பிடித்திருக்கிறது. கோப்புறைகளின் அளவைக் கூட்டிப் பார்த்தால் ஒரு கணக்கு, வட்டைக் கேட்டால் வேறொரு கணக்கு. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்ஓஎஃப்’ என்ற கருவி, பெயர் போன இந்தக் கோப்புகளையும் அவற்றைப் பிடித்திருக்கும் நிரலையும் காட்டிக்கொடுக்கும். அந்த நிரலை நிறுத்தித் தொடங்கினால் இடம் அந்த நொடியே திரும்பும்.

யுனிக்ஸிலும் அழியாத கோப்புகள் இல்லாமல் இல்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் உருவாக்கிய என்எஃப்எஸ் என்ற வலையமைப்புக் கோப்பு முறையின் தொடக்கப் பதிப்புகளில், கோப்பு இருக்கும் சர்வர், யார் எதைத் திறந்திருக்கிறார்கள் என்ற கணக்கை வைத்துக்கொள்ளாது. திறந்திருக்கும் கோப்பை அதே கணினியிலிருந்து ஒருவர் அழித்தால், அந்தக் கணினி உள்ளடக்கத்தைக் காப்பாற்ற ஒரு தந்திரம் செய்கிறது: புள்ளியில் தொடங்கும் ஒரு விநோதப் பெயரை அந்தக் கோப்புக்குச் சூட்டி ஒளித்து வைக்கிறது. அதைக் கண்டுபிடித்து அழித்தால் அடுத்த நொடி இன்னொரு விநோதப் பெயரில் முளைக்கும். கோப்புறையைக் காலி செய்ய முயல்பவருக்கு இது பேய்க்கதை போலத் தோன்றும். பிடித்திருக்கும் நிரல் முடிந்தால் கோப்பு தானாகவே போய்விடும்.

விண்டோஸிலும் ஓர் இடைநிலை உண்டு. திறந்திருப்பவர்கள் எல்லாருமே அழிக்கும் இசைவைத் தந்திருந்தால் விண்டோஸ் கட்டளையை ஏற்றுக்கொள்ளும். ஆனால் நெடுங்காலமாக அது உடனே அழிக்காமல், ‘அழிக்கப்பட வேண்டியது’ என்று குறித்து மட்டும் வைத்தது. கடைசி ஹேண்டில் மூடப்படும்வரை பெயர் கோப்புறையில் தெரியும்; ஆனால் திறக்கவும் முடியாது, அதே பெயரில் புதிய கோப்பும் உருவாக்க முடியாது, மறுபடி அழிக்க முயன்றால் அனுமதி மறுப்பு என்ற தவறான திசையில் ஒரு செய்தி வரும். விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளில் மைக்ரோசாப்ட் யுனிக்ஸ் வழியைச் சேர்த்துக்கொண்டது. இப்போது விண்டோஸின் வழக்கமான கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் உள்ள வட்டுகளில் இத்தகைய கோப்பின் பெயர் அப்போதே மறைந்துவிடுகிறது. மற்றவர் இசைவு தராத கோப்புக்கு மட்டும் பழைய தடை அப்படியே நீடிக்கிறது.

அப்படியானால் பிடித்திருப்பது யார்? வேர்டிலோ எக்ஸெலிலோ திறந்திருக்கும் கோப்பு என்றால் கேள்வியே இல்லை. குழப்புபவை கண்ணுக்குத் தெரியாத கைகள். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரே முதல் சந்தேக நபர்: ஒரு வீடியோவைத் தேர்ந்தெடுத்ததும் முன்னோட்டப் படத்தை உருவாக்க அது அந்தக் கோப்பைத் திறக்கிறது, வீடியோ சிதைந்திருந்தால் மாட்டிக்கொண்டு விடாமல் பிடித்துக்கொள்ளும். முன்னோட்டப் பலகையை அணைத்துவிட்டு அழித்தால் பல வீடியோக்கள் சத்தமில்லாமல் போய்விடும். ஆன்டிவைரஸ் நிரல் புதிதாக வந்த ஒவ்வொரு கோப்பையும் சோதிக்கத் திறக்கிறது. தேடல் சேவை உள்ளடக்கத்தைப் பட்டியலிடத் திறக்கிறது. மேகச் சேமிப்புச் சேவை பதிவேற்றத் திறக்கிறது. இவை சில நொடிகளில் விலகிவிடும் என்பதால், நன்கு எழுதப்பட்ட நிரல்கள் மறுப்பு வந்ததும் சற்றுப் பொறுத்து மறுபடி முயல்கின்றன. காலிக் கோப்புறை ஒன்று அழிய மறுத்தால், திறந்திருக்கும் கட்டளைச் சாளரம் எதுவும் அந்தக் கோப்புறைக்குள் நிற்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஒரு நிரல் எந்தக் கோப்புறையில் நின்று வேலை செய்கிறதோ அந்தக் கோப்புறையின் ஹேண்டிலை அது தன்னிடமே வைத்திருக்கும்.

ஊகிக்க வேண்டிய தேவையும் இல்லை. விண்டோஸுடன் வரும் ரிசோர்ஸ் மானிட்டரில், சிபியு பக்கத்தில் உள்ள தேடல் பெட்டியில் கோப்பின் பெயரைத் தட்டினால் அதைப் பிடித்திருக்கும் நிரல்கள் வரிசையாக வரும். மார்க் ருஸினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெலும் 1996இல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தளத்தின் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் இதையே இன்னும் விரிவாகச் செய்கிறது. 2006இல் மைக்ரோசாப்ட் அந்தத் தளத்தையே வாங்கிவிட்டதால் அது இன்று மைக்ரோசாப்டின் அதிகாரபூர்வ இலவசக் கருவி. மைக்ரோசாப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில் 2022இல் சேர்ந்த ஃபைல் லாக்ஸ்மித், கோப்பின் மேல் வலது கிளிக் செய்த இடத்திலேயே விடையைத் தருகிறது.

பிடித்திருப்பவர் தெரிந்ததும் அந்த நிரலை முறையாக மூடுவதே சரியான வழி. மூடாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் நிறுத்தலாம். சேமிக்காத வேலை போகும், அவ்வளவே. இதற்கும் அப்பால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. நிரலை ஓடவிட்டபடியே அதன் கையிலுள்ள ஹேண்டிலை மட்டும் பறிக்க ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரராலும் சில இலவசக் கருவிகளாலும் முடியும். இதன் ஆபத்தை விளக்கியே ஆக வேண்டும். பறிக்கப்பட்டது அந்த நிரலுக்குத் தெரியாது. காலியான எண்ணை விண்டோஸ் அதே நிரல் அடுத்துத் திறக்கும் வேறொரு கோப்புக்குக் கொடுத்துவிடலாம். நிரல் பழைய கோப்பில் எழுதுவதாக நினைத்துப் புதிய கோப்பில் எழுதும். ஒரு வேண்டாத கோப்பை அழிக்கப் போய், வேண்டிய கோப்பு ஒன்று பிழைச்செய்திகூட இல்லாமல் சிதையும். கணினியை ரீஸ்டார்ட் செய்ய ஆகும் ஓரிரு நிமிடத்தை மிச்சப்படுத்த எடுக்கத் தகுந்த அபாயம் அல்ல இது.

ரீஸ்டார்ட் வேலை செய்வதன் காரணம் நேரடியானது: எல்லா நிரல்களும் முடியும்போது எல்லா ஹேண்டில்களும் மூடப்படுகின்றன. கணினி எழும்போதே தானாகத் தொடங்கும் நிரல்தான் கோப்பைப் பிடிக்கிறது என்றால், மிகத் தேவையான நிரல்களை மட்டும் எழுப்பும் சேஃப் மோடில் தொடங்கினால் பல நேரம் அது விலகியிருக்கும். சேஃப் மோடிலும் பிடி விடாத கோப்புக்கு விண்டோஸ் ஒரு வாசல் வைத்திருக்கிறது. அழிக்க வேண்டிய கோப்பின் பெயரை, விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு காத்திருப்புப் பட்டியலில் எழுதி வைக்கலாம். அடுத்த முறை கணினி தொடங்கும்போது, மற்ற நிரல்கள் எதுவும் எழுவதற்கு முன்பே, செஷன் மேனேஜர் என்ற அடிப்படை நிரல் அந்தப் பட்டியலைப் படித்து வேலையை முடித்துவிடும். மென்பொருளை நிறுவியதும் ரீஸ்டார்ட் செய்யச் சொல்வது பெரும்பாலும் இதற்காகவே. இன்னொரு விசித்திரமும் இங்கே பயன்படுகிறது. ஓடும் நிரலின் கோப்பை விண்டோஸ் அழிக்க விடாது; பெயர் மாற்ற விடும். பழையதற்கு வேறு பெயர் கொடுத்து ஒதுக்கி, புதியதை அதன் இடத்தில் வைத்து, பழையதைப் பிறகு அழிப்பது மென்பொருள் புதுப்பிப்புகளில் பழகிப்போன உத்தி.

விண்டோஸ் இயங்கும் நேரம் முழுவதும் தானே பிடித்திருக்கும் கோப்புகளும் உண்டு. நினைவகத்தின் நீட்சியாகப் பயன்படும் பேஜ்ஃபைல், ஹைபர்நேட் செய்யும்போது நினைவகத்தை அப்படியே கொட்டிவைக்கும் கோப்பு ஆகியவை இவ்வகை. பல ஜிகாபைட் அளவில் இருப்பதால் இவை கண்ணை உறுத்தும். இவற்றை அழிக்கப் போராடுவது வீண். ஹைபர்நேட் வசதியையே அணைத்தால் அதற்குரிய கோப்பை விண்டோஸே நீக்கிவிடும்.

உரிமையால் வரும் மறுப்பில் விண்டோஸும் யுனிக்ஸும் மறுபடி வேறுபடுகின்றன. யுனிக்ஸில் அழிக்கும் உரிமை கோப்பில் இல்லை, அது இருக்கும் கோப்புறையில் இருக்கிறது. ஏனெனில் மாறப்போவது கோப்புறையின் பட்டியல்தான். படிக்கக்கூட அனுமதியில்லாத பிறர் கோப்பை, கோப்புறையில் எழுதும் உரிமை இருந்தால் அழித்துவிடலாம். எல்லாரும் எழுதும் தற்காலிகக் கோப்புறையில் ஒருவர் கோப்பை இன்னொருவர் அழிக்காதிருக்க ‘ஸ்டிக்கி பிட்’ என்ற தனிக்குறி தேவைப்பட்டது இதனால்தான். லினக்ஸில் கோப்பின்மேல் ‘மாறாதது’ என்ற குறியை இட்டுவிட்டால், சகல அதிகாரமும் உள்ள ரூட் பயனரால்கூட அந்தக் குறியை நீக்காமல் அழிக்க முடியாது. விண்டோஸில் கோப்புக்குத் தனியே அழிப்புரிமை உண்டு. விஸ்டா காலத்திலிருந்து சிஸ்டம் கோப்புகளின் உடைமை ‘டிரஸ்டட் இன்ஸ்டாலர்’ என்ற கணக்கிடம் இருக்கிறது. நிர்வாகிக்கும் அவற்றை அழிக்கும் உரிமை இயல்பாகக் கிடையாது. உடைமையைத் தன் பெயருக்கு மாற்றி உரிமை எடுத்துக்கொள்ளும் கட்டளைகள் விண்டோஸிலேயே உள்ளன. பழைய கணினியிலிருந்து கழற்றி மாட்டிய வட்டில் கிடக்கும் சொந்தக் கோப்புகளுக்கு அவை ஏற்றவை. அங்கே உடைமை இப்போது இல்லாத ஒரு பயனரிடம் மாட்டிக்கொண்டிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் சொந்தக் கோப்புறையில் அவற்றைப் பயன்படுத்தினால், அடுத்த முறை கணினி எழாமலே போகலாம்.

மிக விநோதமான மறுப்புகள் பெயரால் வருபவை. டாஸ் காலத்தில் பிரின்டர், திரை, தொடர்வழிப் போர்ட் போன்ற சாதனங்களுக்குக் கோப்புகளைப் போலவே பெயர் வைத்தார்கள். டாஸின் முதல் பதிப்பில் கோப்புறைகளே கிடையாது. ஆகவே ‘கான்’, ‘ஆக்ஸ்’, ‘நல்’ போன்ற பெயர்கள் எங்கிருந்து அழைத்தாலும் சாதனத்தையே குறித்தன. 1983இல் வந்த டாஸ் 2.0 கோப்புறைகளைக் கொண்டுவந்தபோது, பழைய நிரல்கள் உடைந்துவிடாதிருக்க அந்த வழக்கம் அப்படியே விடப்பட்டது. இன்றும் விண்டோஸில் ‘கான்’ என்று ஒரு கோப்புறையை எக்ஸ்ப்ளோரர் உருவாக்க விடாது. வேறு வழியில், உதாரணமாக லினக்ஸிலிருந்து, அப்படி ஒரு கோப்பு வந்து சேர்ந்தால் அழிக்கவும் விடாது. அழிக்கச் சொன்னால் விண்டோஸ் சாதனத்தைத் தேடிப் போகும். முற்றுப்புள்ளியிலோ இடைவெளியிலோ முடியும் பெயர்களும் இதே கதைதான்: விண்டோஸ் அந்த வால் எழுத்தை வெட்டிவிட்டுத் தேடும், அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்று கையை விரிக்கும். இவற்றுக்குத் தீர்வு ஒன்றே. கட்டளைச் சாளரத்தில் முழுப் பாதையின் முன்னால் \\?\ என்ற குறிகளைச் சேர்த்தால், பெயரைத் திருத்தாமல் உள்ளபடியே கோப்பு முறையிடம் கொடுத்துவிடு என்று பொருள். கோப்பு மறுபேச்சின்றிப் போகும்.

நீளமும் தடையாகும். விண்டோஸின் வழக்கமான எல்லை, வட்டின் எழுத்திலிருந்து கோப்பின் பெயர்வரை 260 எழுத்துகள். என்டிஎஃப்எஸ் முறையோ ஏறத்தாழ 32,767 எழுத்துகள்வரை தாங்கும். கோப்புறைக்குள் கோப்புறையாக ஆழ்ந்து செல்லும் அடுக்குகளை ஒரு நிரல் உருவாக்கிவிடும். அவற்றை அழிக்க எக்ஸ்ப்ளோரருக்குப் பெயர் எட்டாது. நோட் ஜேஎஸ் நிரலாளர்களை இது நெடுநாள் வாட்டியது. அவர்களுடைய நிரல் தொகுப்புகளை நிறுவும் என்பிஎம் கருவி 2015இல் அடுக்குகளைத் தட்டையாக்கிய பிறகுதான் தொல்லை தணிந்தது. மேலடுக்குக் கோப்புறைகளின் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கினாலே பல சமயம் நீளம் எல்லைக்குள் வந்துவிடும்.

தீங்குநிரல்களின் கோப்புகள் தனி வகை. இரண்டு நிரல்கள் ஒன்றையொன்று காவல் காத்து, ஒன்றை நிறுத்தினால் மற்றொன்று உடனே எழுப்பிவிடும். இன்னும் ஆழமாகப் போனவை இயங்குதளத்தின் உள்ளே புகுந்து கோப்பையே மறைக்கும். 2005இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் இசைக் குறுந்தகடுகளில் நகலெடுப்பைத் தடுக்கச் சேர்த்திருந்த மென்பொருள் இப்படித்தான் தன்னை ஒளித்துக்கொண்டது. அதை அம்பலப்படுத்தியவர் மேலே சொன்ன ருஸினோவிச். அவர் அந்தக் கோப்புகளைக் கையால் அழித்தபோது கணினியின் சிடி டிரைவே காணாமல் போயிற்று. ஏனெனில் அந்த மென்பொருள் டிரைவின் டிரைவர் சங்கிலியில் ஒரு கண்ணியாகத் தன்னைக் கோத்திருந்தது. சங்கிலியில் அந்தக் கண்ணிக்குரிய பதிவையும் ரெஜிஸ்ட்ரியிலிருந்து நீக்கிய பிறகே டிரைவ் திரும்பியது. இத்தகைய கோப்புகளை விண்டோஸ் உறங்கும் நேரத்தில் அழிப்பதே பாதுகாப்பு: ஆன்டிவைரஸின் ஆஃப்லைன் சோதனையை இயக்கினாலோ, பென்டிரைவிலிருந்து வேறொரு இயங்குதளத்தைத் தொடங்கினாலோ, காவல் நிரல்கள் எதுவும் விழித்திருக்காது. வட்டு என்க்ரிப்ட் செய்யப்பட்டிருந்தால் அதற்குரிய மீட்புத் திறவியை முன்கூட்டியே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக, பட்டியலே பழுதடைந்த நிலை. எழுதிக்கொண்டிருக்கும்போது பென்டிரைவைப் பிடுங்கினாலோ மின்சாரம் போனாலோ, பெயர் ஒன்று இருக்கும், அது சுட்டும் பதிவு இருக்காது. கோப்பு சிதைந்துவிட்டது, படிக்க முடியவில்லை என்று விண்டோஸ் சொல்லும். இங்கே ‘செக் டிஸ்க்’ கட்டளை பெயர்களையும் அவை சுட்டும் பதிவுகளையும் ஒப்பிட்டு, தொடர்பற்ற வரிகளை நீக்குகிறது. அதற்கு முன்பே மற்ற கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட வேண்டும், ஏனெனில் திருத்தும் வேலையில் நல்ல கோப்புகளும் அடிபடக்கூடும். எஸ்டி கார்டின் பக்கவாட்டில் உள்ள சிறு தாழ் ‘லாக்’ பக்கம் நகர்ந்திருந்தாலும் எதுவும் அழியாது. அதைப் பார்க்க ஒரு நொடி போதும். தாழ் சரியாக இருந்தும், அழித்த கோப்புகள் கார்டைக் கழற்றி மாட்டியதும் அப்படியே திரும்பி வந்தால், ஃபிளாஷ் சில்லின் ஆயுள் முடிந்து அது எழுத்தை ஏற்பதை நிறுத்திவிட்டது. ஃபார்மேட் செய்தாலும் அந்தக் கார்டில் எதுவும் மாறாது. படிக்க முடிகிறவரை உள்ளிருப்பதை நகலெடுத்துக்கொண்டு, அதை மாற்றிவிட வேண்டும்.